வயிற்றுப்போக்கோடு காய்ச்சலும் ரத்தமும்: உங்கள் வீட்டில் யாருக்காவது வந்திருக்கிறதா?

புக்கிட் பாத்தோக் அக்கா (ஞாயிறு, இரவு 9.50)

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் என் கணவருக்கு உடம்பு வலி, குளிர். எங்கள் புளோக்கில் அப்போது டெங்கி இருந்ததால் அதுவோ என்று பயந்தோம். இரவு 11 மணிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. விடிவதற்குள் எட்டு முறை போய்விட்டார். வெள்ளி காலையில் வீட்டிலிருந்த கரி மாத்திரை கொடுத்தேன். அது கேட்கவில்லை. ஊரிலிருந்து வாங்கி வந்து டப்பாவில் வைத்திருந்த பேதியை நிறுத்தும் மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டார். போவது நின்றது. நானும் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, 39.2. வயிறு உப்பிக் கிடக்கிறது. வலது பக்கம் கையே வைக்க விடவில்லை. குடல்வாலாக இருக்குமோ என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம்.

அங்கே இருந்த இளம் மருத்துவர் மூன்று கேள்வி கேட்டார். ரத்தம் இருந்ததா? சளி மாதிரி வந்ததா? போய்விட்டு வந்த பிறகும் உடனே போக வேண்டும் போல் இருந்ததா? இவர் தலையைக் குனிந்துகொண்டு, "நேற்று ராத்திரியிலிருந்தே ரத்தம் வருகிறது" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்திலேயே படுத்திருந்த என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

ஸ்கேனில் குடல்வாலுக்கு ஒன்றுமில்லை. மலப் பரிசோதனையில் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா என்று வந்தது. நான்கு நாளில் வீடு திரும்பினார். யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தின திங்கட்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் உறவினர்களோடு பார்பிகியூ. இருட்டிய பிறகு சுட்ட கோழி இறக்கை. வெளியே கருகியிருந்தது, எலும்புப் பக்கம் சிவப்பாக இருந்ததை யார் பார்த்தார்கள்?

நம் வீடுகளில் இந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள்.

தேக்காக்காரன் (ஞாயிறு, இரவு 10.15)

அண்ணன் இப்போது நலம்தானே அக்கா? எங்கள் வீட்டில் வெந்தயத்தைத் தயிரில் போட்டு விழுங்குவோம், ஒரு நாளில் நின்றுவிடும். தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பும் சர்க்கரையும் கலந்து குடித்தால் போதும். மருத்துவமனை வரைக்கும் போக வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

ஓய்வுபெற்ற தாதி (ஞாயிறு, இரவு 11.30)

அக்கா, வெளிப்படையாக எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள் நான். மருத்துவர் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வயிற்றுப்போக்கு என்று யார் வந்தாலும் முதலில் நேரத்தைக் கேட்பேன். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தொடங்கியது? சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டிக்கொண்டு வாந்தி வந்தால், கிருமி ஏற்கெனவே உணவில் விட்டுவைத்த நஞ்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கையில் புண்ணோடு சமைப்பவரிடமிருந்து வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் இப்படி. சமைத்து வெளியிலேயே வைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸும் இப்படித்தான். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், காய்ச்சலும் பெரிதாக இருக்காது. பெரிய அண்டாவில் செய்து மெதுவாக ஆறிய கறிக்குழம்பில் வரும் கிருமி வேறு. அது 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கும், வாந்தி அதிகம் வராது.

குடல் சுவரையே புண்ணாக்கும் கிருமிகளுக்கு இன்னும் அவகாசம் வேண்டும். ஷிகெல்லா ஓரிரு நாள். சால்மொனெல்லா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை. கேம்பைலோபேக்டர் பெரும்பாலும் 2 முதல் 5 நாள். ஓ157 வகை ஈ.கோலை 3, 4 நாள். அதனால்தான் நேற்று சாப்பிட்ட கடையைத் திட்டுகிறோம், காரணமானது மூன்று நாளைக்கு முன்பு சாப்பிட்டதாக இருக்கும். அக்கா வீட்டுக் கணக்கு அப்படியே பொருந்துகிறது: திங்கள் சாப்பாடு, வியாழன் காய்ச்சல். வலது பக்க வலியும் கேம்பைலோபேக்டரில் வரக்கூடியதுதான். குடல்வால் என்று நினைத்து அறுவைச் சிகிச்சை வரை போனவர்கள் உண்டு.

அடுத்தது, என்ன வருகிறது என்று பார்ப்பது. முகம் சுளிக்காமல் பாருங்கள். தண்ணீராக நிறையக் கொட்டினால் சிறுகுடல் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, சளியும் ரத்தமுமாக வந்தால் பெருங்குடல் புண்பட்டிருக்கிறது. கடுப்பு என்கிறோமே, கழிவறையை விட்டு எழுந்திருக்க முடியாது, வருவதோ ஒரு ஸ்பூன் சளி. பாட்டிமார் சீதபேதி என்று சொன்னது இதைத்தான். அதோடு 38.5க்கு மேல் காய்ச்சலும் இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. ஓ157 ஈ.கோலையில் காய்ச்சல் லேசாக இருக்கும், இல்லாமலும் போகும். வெறும் ரத்தமாகப் போகும். காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சிறு பிள்ளைகளில் சிலருக்கு, பேதி தொடங்கி ஒரு வாரம் போல் ஆகி, எல்லாம் சரியாகி வரும் நேரத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படும். பிள்ளை வெளுத்துப் போய்ச் சோர்ந்து கிடக்கும், மூத்திரம் குறையும்.

பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பற்றி. லோபரமைடு குடலின் அசைவைக் குறைக்கும். தண்ணீராக மட்டும் போகிற பெரியவருக்குப் பரவாயில்லை. காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது போட்டால் கிருமியும் நஞ்சும் உள்ளேயே தங்கும். அண்ணனுக்கு வயிறு உப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

தேக்காத் தம்பி, வெந்தயமும் தயிரும் சாப்பிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் உப்பு ஒரு ஸ்பூன் என்றது தவறு. 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், இரண்டும் தலை தட்டி. உப்பு கூடினால் சிறு பிள்ளைக்கு ஆபத்து. மருந்துக்கடையில் ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கிடைக்கும்போது எதற்குக் கைக்கணக்கு? காப்பிக்கடை ஐசோடானிக் டின்னில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. அது ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது.

தேக்காக்காரன் (ஞாயிறு, இரவு 11.48)

சரிம்மா, உப்புக் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். இத்தனை வருடமாக ஒரு ஸ்பூன்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

துவாஸ் தம்பி (திங்கள், அதிகாலை 5.20)

அக்கா, அம்மா, நான் விடுதியில் தங்கியிருக்கும் ஊழியர். ஊர் சிவகங்கைப் பக்கம். எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் காலை 5 மணிக்கு வரும். காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். லாரியில் வைத்து, சைட்டில் வெயிலில் கிடந்து, 12 மணிக்குப் பிரிப்போம். சில நாள் சாம்பார் நுரைத்திருக்கும். மோந்து பார்த்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிடுவேன். போன வாரம் எங்கள் ரூமில் ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றை வலித்துப் போனது, காய்ச்சல் இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. இது நீங்கள் சொன்ன அண்டா வகையா? லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களோ என்று யாரும் டாக்டரிடம் போகவில்லை.

பழைய வாசகர் (திங்கள், காலை 8.05)

தம்பி, இதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரிக்குள் கிடந்தால் கிருமி பெருகும். அதனால்தான் இங்கே கேட்டரிங் உணவைச் சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று நேர முத்திரை ஒட்டுவதும் அதற்காகத்தான். விடியுமுன் சமைத்ததை நண்பகலில் தின்னச் சொன்னால் அந்தக் கணக்கு எங்கே நிற்கிறது? பொட்டலத்தை நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப் பக்கத்தில் புகார் செய்யலாம். மீந்ததைத் தூக்கிப் போடாமல் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் சோதனைக்கு உதவும்.

மூன்று மாதம் வேலை பார்த்திருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்கச் சட்டத்தில் உரிமை உண்டு. மருத்துவரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள். பயப்பட வேண்டாம்.

இங்கே நடக்காததா? 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் (காயும் பொரித்தவையும் கலந்த உணவு) சாப்பிட்டு 154 பேருக்கு உடம்பு முடியாமல் போனது, இரண்டு பேர் இறந்தார்கள். விப்ரியோ பாராஹீமோலிடிகஸ், கடல் உணவில் இருக்கும் கிருமி. 2018 நவம்பரில் ஒரு கடையின் பென்டோ உணவால் எண்பது பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு ஒருவர் உயிரையே விட்டார், அது சால்மொனெல்லா. சுத்தமான ஊர் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே நடந்தவை இவை.

ஓய்வுபெற்ற தாதி (திங்கள், காலை 9.10)

துவாஸ் தம்பி, ஐந்து பேருக்கும் ஒரே நேரம், வலி, காய்ச்சல் இல்லை, ஒரு நாளில் சரி. கேட்டால் அண்டா வகை மாதிரிதான் தெரிகிறது. சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் நினைவில் வை ராசா: கெட்டுப்போன வாடை வேறு, நோய்க்கிருமி வேறு. நோய் தரும் உணவு நல்ல மணமாகவும் இருக்கும். மோந்து பார்ப்பதை நம்பாதே, மணிக்கணக்கைப் பார். வெயிலில் வேலை செய்கிறாய், வியர்வையிலும் தண்ணீர் போகிறது. மூத்திரம் தேநீர் நிறமாகப் போனாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ சூப்பர்வைசரிடம் உடனே சொல்.

செங்காங் மருமகள் (திங்கள், மதியம் 1.30)

கோழி பற்றி ஒரு சந்தேகம். நான் மஞ்சள்தூளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவித்தான் சமைப்பேன். மாமியார் ஐந்து தண்ணீர் விடுவார். அப்படிக் கழுவினால் இந்தக் கேம்பைலோபேக்டர் போய்விடும்தானே?

ஓய்வுபெற்ற தாதி (திங்கள், மதியம் 2.00)

போகாதும்மா, பரவும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கிற துளிகள் தொட்டியிலும், பக்கத்தில் உலர வைத்த தட்டிலும், அறுத்து வைத்த வெள்ளரிக்காயிலும் விழும். சில நூறு கிருமிகளே போதும் நோய் வர. கொல்வது சூடு ஒன்றுதான். உள்ளே 75 டிகிரி வரை வேக வேண்டும், எலும்பருகே சாறு தெளிவாக வர வேண்டும்.

செங்காங் மருமகள் (திங்கள், மதியம் 2.20)

அம்மா, கழுவாத கோழியைச் சட்டியில் போட்டால் எங்கள் மாமியார் சாப்பாட்டையே தொடமாட்டார்.

புக்கிட் பாத்தோக் அக்கா (திங்கள், மாலை 6.45)

என்னாலும் அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. இப்போது இப்படிச் செய்கிறேன்: குழாயடியில் காட்டாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்துக் கோழியை மெல்ல அலசி எடுக்கிறேன். அதற்கு முன்பே காய்கறி வேலையை முடித்து மூடி வைத்துவிடுவேன். கோழிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. முடிந்ததும் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கையையும் சோப்பால் கழுவுகிறேன். தாதியம்மா, இது போதுமா?

ஓய்வுபெற்ற தாதி (திங்கள், மாலை 7.30)

கழுவாமலிருப்பதுதான் சரி என்று மறுபடியும் சொல்கிறேன். கழுவியே தீருவேன் என்றால், நீங்கள் செய்வது குழாயடியில் பிடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஜூரோங் ஆசிரியை (திங்கள், இரவு 8.40)

பேதியே இல்லாமல் வரும் குடல் தொற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். முதல் நாள் 37.8, அப்புறம் நாளுக்கு நாள் படியேறுவது மாதிரி ஏறி 40 தொட்டது. தலைவலி, நாக்கில் வெள்ளை, வயிறு மந்தம், மலச்சிக்கல். வயிற்றுப்போக்கு இல்லாததால் குடல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்தாம் நாள் மருத்துவர், "அண்மையில் வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டார். ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார். டைஃபாய்டு.

ஊரில் ஒரு லேபில் எடுக்கும் வைடல் என்ற ரத்தச் சோதனையை வைத்து முடிவு கட்டிவிட முடியாது, கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் உறுதி என்று விளக்கினார். தெற்காசியாவில் பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இந்தக் கிருமி இப்போது மசிவதில்லையாம். டப்பாவில் வைத்திருந்த மாத்திரையைப் போட்டிருந்தால் நோயும் போயிருக்காது, சோதனையிலும் கிருமி சிக்காமல் போயிருக்கும். ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள்.

அங் மோ கியோ மகன் (திங்கள், இரவு 9.25)

இன்னொன்று. நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் எடுத்து முடித்த என் அப்பாவுக்கு அடுத்த வாரமே ஓயாத பேதி. மருந்துச் சூடு என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால் சி. டிஃபிசில் என்ற கிருமி. நல்ல கிருமிகள் செத்துப்போன குடலில் இது பெருகிவிடுமாம். அதன் வித்துகள் கைச்சுத்திகரிப்பு ஜெல்லுக்குச் சாகாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால்தான் போகும் என்று வார்டில் சொன்னார்கள். வயதானவர்களுக்கு ஆன்டிபயாடிக்கிற்குப் பிறகு பேதி வந்தால் காத்திருக்காதீர்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா (திங்கள், இரவு 10.50)

அவசரமாகக் கேட்கிறேன். மகளுக்கு மூன்று வயது. காலையிலிருந்து ஆறு முறை போய்விட்டாள். இப்போது போனது சிவப்பாக இருக்கிறது. நேற்று சிவப்பு டிராகன் பழம் நிறையச் சாப்பிட்டாள். பழத்தின் நிறமா, ரத்தமா, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற தாதி (திங்கள், இரவு 10.54)

டிராகன் பழமும் பீட்ரூட்டும் மலம் முழுவதையும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பாக்கும், பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும். ரத்தம் என்றால் கோடு கோடாகவோ, சளியோடு ஒட்டியோ வரும். காய்ச்சல் பார்த்தீர்களா? கடைசியாக எப்போது மூத்திரம் போனாள்? அழும்போது கண்ணீர் வருகிறதா?

உட்லண்ட்ஸ் அப்பா (திங்கள், இரவு 10.59)

39. சளி இருக்கிறது, அதில் சிவப்புக் கோடு. நாப்பி நாலு மணியிலிருந்து காய்ந்தே இருக்கிறது. அழுகிறாள், கண்ணீர் குறைவுதான்.

ஓய்வுபெற்ற தாதி (திங்கள், இரவு 11.01)

தம்பி, இப்போதே கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த அழுக்கு நாப்பியைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள், மருத்துவர் பார்க்கட்டும். பேதியை நிறுத்தும் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். வழியில் ஓஆர்எஸ் இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் வீதம் ஊட்டுங்கள், டம்ளரில் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவாள். எழுப்பினாலும் எழாமல் துவண்டால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

புக்கிட் பாத்தோக் அக்கா (செவ்வாய், காலை 6.10)

உட்லண்ட்ஸ் தம்பி, பாப்பா எப்படி இருக்கிறாள்? ராத்திரி முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்லண்ட்ஸ் அப்பா (வெள்ளி, இரவு 8.15)

எல்லாருக்கும் நன்றி. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. டிரிப் ஏற்றினார்கள், புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. சோதனையில் சால்மொனெல்லா. ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, தண்ணீர்ச் சத்தைக் காப்பாற்றினால் உடம்பே வென்றுவிடும் என்றார்கள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மருத்துவர் முட்டை, கோழி எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "வீட்டில் ஆமை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியவன் ஆசைப்பட்டதால் சிவப்புக் காது ஆமை ஒன்று வாங்கியிருந்தோம். ஆமை பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், ஆனால் அதன் மேலும் தண்ணீரிலும் சால்மொனெல்லா இருக்குமாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னார். அதிலிருந்துதான் வந்தது என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆமைத்தொட்டியை நான் கழுவுவது அடுப்படித் தொட்டியில்தான். அதே தொட்டியில்தான் பாப்பாவின் கிண்ணமும் ஸ்பூனும் கிடக்கும்.

ஆமையை என் தம்பி அழைத்துப் போய்விட்டான். அவன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. பெரியவன் ஒரு நாள் அழுதான். அடுப்படித் தொட்டியை நேற்றே தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். தாதியம்மா, ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பாப்பாவை எப்போது பாலர் பள்ளிக்கு அனுப்பலாம்?

ஓய்வுபெற்ற தாதி (வெள்ளி, இரவு 8.40)

கேட்கவே நிம்மதியாக இருக்கிறது தம்பி. பேதி முழுக்க நின்று இரண்டு நாளாவது ஆகட்டும், பள்ளியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். பேதி நின்ற பிறகும் சில வாரத்துக்கு மலத்தில் கிருமி இருக்கும். நாப்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்கள் கையையும் அவள் கையையும் சோப்பால் கழுவுங்கள். சாப்பிடுகிறாளா?

உட்லண்ட்ஸ் அப்பா (வெள்ளி, இரவு 8.52)

இன்று மத்தியானம் ரசம் சோறு ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.